படிப்படியாக ஒரு விண்மீன்

இரண்டாவது முறை மயங்கி விழுந்தபோது காப்பி டம்ளரையும் கூடவே தள்ளிவிட்டேன். காப்பி கணினிக் கன்ஸோலுக்குள் போய்விட்டது. முதல் முறை விழுந்தபோது யாரும் பெரிதாக அலட்டிக்கொள்ளவில்லை. காலையில் சாப்பிடாமல் வந்திருப்பாள் என்று விட்டுவிட்டார்கள். காப்பி உள்ளே போன பிறகுதான் நிலையத்துக்கு என் உடம்பின் மேல் அக்கறை வந்தது.

என் பெயர் துளசிமணி. வயது முப்பத்தொன்று. பர்கூர் மலைமேல் இருக்கும் விண்நோக்கு நிலையத்தில் பார்வையாளர் வேலை. டிக்கெட் வாங்கிக்கொண்டு வந்து பார்க்கிற பார்வையாளர் இல்லை, பார்ப்பதற்கே சம்பளம் வாங்குகிற ரகம். பூமிக்கு வெளியே சுற்றும் எங்கள் தொலைநோக்கி ஒன்பது வருடமாக இரண்டு லட்சம் விண்மீன்களை இமைக்காமல் பார்த்துக்கொண்டிருக்கிறது. ஒவ்வொன்றின் வெளிச்சமும் ஒரு கோடாகக் கீழே வந்து சேரும். எதைத் தேடச் சொன்னோமோ அதைக் கணினி கண்டுபிடித்துவிடும். தேடச் சொல்லத் தெரியாததைக் கண்டுபிடிக்க மனிதக் கண் வேண்டும். அதற்காகவே நாங்கள் ஒன்பது பேர். காலை ஒன்பது முதல் மாலை மூன்று வரை கோடுகளைப் பார்த்துக்கொண்டே இருப்போம். நடுவில் பத்து நிமிடம் காப்பி.

மனிதப் பிறவி எதனாலும் இது முடியாது. அதனால்தான் பொட்டு.

தோளில் ஒட்டிக்கொள்ளும் ஒரு பட்டை, அதில் வரிசையாக எட்டு நீலப் பொட்டுகள். தோல் வழியாக மருந்து சொட்டுச் சொட்டாக உள்ளே போகும். கவனம் நிற்காமல் துறுதுறுவென்று அலையும் குழந்தைகளுக்காக வந்த மருந்து இது. பழைய ஊக்க மருந்துகள் மாதிரி ஆளைக் கிளப்பிவிடாது, அடக்கி உட்கார வைக்கும். உட்கார வைக்கிறது என்று தெரிந்ததும் அலுவலகங்கள் விடுமா? நோயே இல்லாதவர்கள்கூட வேலைக்காக ஒட்டிக்கொள்ள ஆரம்பித்தார்கள். எங்கள் நிலையத்தில் அது சட்டமாகவே ஆகிவிட்டது. எட்டுப் பொட்டு இல்லாதவர் கன்ஸோலில் உட்காரக் கூடாது.

நான் நிஜமான நோயாளி. ஒன்பது வயதிலேயே பொட்டு ஒட்டிவிட்டார்கள். அதற்கு முன் செருப்போடு பள்ளிக்கூடம் போய்ச் செருப்பில்லாமல் திரும்பி வருவேன். ஒரு தடவை பையை விட்டுவிட்டு வேறு பிள்ளையின் தம்பியைக் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறேன். இந்த மருந்து இல்லையென்றால் பத்தாம் வகுப்பைத் தாண்டியிருக்க மாட்டேன். அதனால் அதைப் பற்றி நன்றி கெட்டத்தனமாக ஒரு வார்த்தை பேச மாட்டேன்.

நிலையத்தின் மருத்துவர் ஹெப்சிபாவுக்கு நாசரேத் பக்கம் சொந்த ஊர். பதினைந்து வருடமாக இந்த மலையில் இருக்கிறார், பேச்சு மட்டும் இன்னும் மலை ஏறவில்லை. பிரஷர் பார்க்கும் கைப்பட்டையைக் கழற்றிவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார்.

"நாடி நாப்பத்தாறு. பிரஷர் எம்பத்தஞ்சுக்கு அம்பது. நீ இங்க நடந்து வந்ததே பெருசுல்லா."

"சாப்பாடு பத்தலீங்களா டாக்டர்?"

"சாப்பாடு இல்லம்மா, பொட்டு. இருவத்திரண்டு வருஷமா உன் நாடியையும் பிரஷரையும் அமுக்கிப் புடிச்சிக்கிட்டு இருக்கு. சிலருக்கு ஒண்ணும் ஆகாது. உன் உடம்பு இனி தாங்காது. நிறுத்திரணும்."

எனக்கு என் உடம்பு நினைவுக்கு வரவில்லை, என் நாற்காலிதான் வந்தது. ஜன்னல் பக்கத்து மூன்றாவது நாற்காலி. ஏழு வருடமாக என்னுடையது. செருப்பைத் தொலைத்த பெண்ணை நம்பி இந்த உலகம் கொடுத்த ஒரே இடம்.

"அப்ப இன்னைக்கே பிச்சு எறிஞ்சர்றனுங்க. ரெண்டு வாரத்துல சரியாயிருமில்லீங்க?"

"அதுல கைய வச்சே, தொலைச்சிருவேன் பாத்துக்கோ," என்றார் டாக்டர். நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். "வாளித் தண்ணிக்குள்ள பந்தை அமுக்கிப் புடிச்சிருக்கியா? கைய சட்டுனு எடுத்தா என்ன ஆகும்?"

"மூஞ்சில அடிக்குமுங்க."

"அதேதான். மருந்து அமுக்க அமுக்க, உன் உடம்பும் எதிர்ப்பக்கமா தள்ளிக்கிட்டே பழகிட்டு. சட்டுனு விட்டா பிரஷர் இருநூறுக்கு எகிறும். மூளையில ரத்தக்குழாய் வெடிச்சு வந்த ஆளை நான் பாத்திருக்கேன். எல்லா மருந்தும் இப்படின்னு இல்ல, சிலதை இன்னைக்குப் போட்டு நாளைக்கு விட்டாலும் ஒண்ணும் பண்ணாது. இது அந்த ரகம் இல்ல. பத்து நாளைக்கு ஒரு பொட்டு குறைப்போம். காலையிலயும் சாயங்காலமும் பிரஷர், நாடி ரெண்டையும் நோட்டுல எழுதணும். தலைவலி, படபடப்பு, வேர்வை, எது வந்தாலும் அந்த நிமிஷமே எனக்குச் சொல்லணும். நீயா கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது."

"எம்பது நாளுங்களா!"

"எம்பது நாள்தான். இருவத்திரண்டு வருஷம் ஒட்டினதுக்கு எம்பது நாள் ஜாஸ்தியா?"

நிலையத் தலைவர் சென்னியப்பன் சாரிடம் போய் நின்றேன். ஐம்பத்தெட்டு வயது. எல்லோருக்கும் கோபம் வந்தால் சத்தம் ஏறும், இவருக்குக் குறையும். அன்றைக்குக் கோபம் இல்லை போல, நன்றாகவே காதில் விழுந்தது.

"சட்டம் உனக்குத் தெரியும் அம்மணி. எட்டுல ஒண்ணு கொறைஞ்சாலும் கன்ஸோல் இல்ல. முடியற வரைக்கும் கிடங்குல இரு. அப்புறம் பொட்டு இல்லாமயே ஆறு மணி நேரப் பரீட்சை ஒண்ணு வெக்கறேன். தேறினீன்னா உனக்காக மேலிடத்துல பேசறேன்."

"தேறலீங்கன்னா சார்?"

"அத அப்பப் பார்த்துக்கலாம்," என்றார். அப்படிச் சொன்னால் பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை என்று அர்த்தம்.

கிடங்கு என்பது கீழ்த்தளத்தில் ஓர் அறை, ஒரு திரை, ஒரு நாற்காலி. ஒன்பது வருடத்து மூலக் கோடுகள் எல்லாம் அங்கேதான் இருக்கின்றன, அவற்றைச் சரிபார்த்து அடுக்குவதுதான் அங்கே வேலை. மேலே நாங்கள் பார்ப்பவை திருத்திய கோடுகள். தொலைநோக்கி சூடானால், திரும்பினால், லேசாகக் குலுங்கினால் கோட்டில் திடீரென்று ஒரு படி விழும். விண்மீனின் வெளிச்சம் வளைந்து வளைந்துதான் ஏறும், இறங்கும். செங்குத்தாக வெட்டியதுபோல் இறங்கினால் அது கருவிக் கோளாறு. இயற்கைக்குப் படி கட்டத் தெரியாது என்பது எங்கள் முதல் பாடம். அதனால் எங்கே படியைக் கண்டாலும் இரண்டு பக்கத்தையும் இழுத்துச் சமமாக்கி, ஓரத்தில் தேதியும் பெயரின் முதல் எழுத்தும் போட்டுவிடுவோம். எங்கள் பேச்சில் அதற்கு இஸ்திரி போடுவது என்று பெயர். ஒரு நாளைக்கு முப்பது நாற்பது இஸ்திரி போட்டிருக்கிறேன். என் இஸ்திரியில் ஒரு சுருக்கம் இருக்காது என்று பெருமை வேறு.

முதல் பொட்டு போனபோது ஒன்றும் தெரியவில்லை. இரண்டாவது போன வாரத்தில், ஒரு சாயங்காலம், மலைப் பேருந்து ஓட்டும் என் கணவர் கோகுலன் துணி மடித்துக்கொண்டே எதையோ முணுமுணுத்துக்கொண்டிருந்தார். பாட்டு. நல்ல குரல்.

"மாமா, நீங்க எப்ப இருந்து பாடறீங்க?"

அவர் மடித்த வேட்டியைக் கீழே வைத்தார். "கல்யாணம் ஆன நாள்ல இருந்து பாடிட்டுத்தானே இருக்கறேன்? உனக்குப் புடிக்கலையாட்ட இருக்குதுன்னு நெனச்சேன்."

ஆறு வருடம். நான் சமையலறைக்குள் போய்த் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதேன்.

மூன்றாவது பொட்டு போனதும் கண் அலைய ஆரம்பித்தது. முன்பென்றால் ஒரு கோட்டைப் பார்க்கும்போது உலகத்தில் அந்த ஒரு கோடுதான் இருக்கும். இப்போது ஒன்றைப் பார்த்தால் முந்தாநாள் பார்த்த இன்னொன்று குறுக்கே வந்து நின்றது. பழைய வியாதி திரும்பிவிட்டது, பரீட்சையில் தேறப்போவதில்லை என்று நானே முடிவு கட்டிவிட்டேன். எதையாவது மறந்துவிடுவேன் என்று கையில் பேனாவால் எழுதிக்கொண்டேன், பிறகு கை கழுவினேன்.

அந்த அலைச்சலில்தான் 4417 வந்து மாட்டியது.

அது ஒரு கிழ விண்மீன். இங்கிருந்து ஆயிரத்து நூற்று நாற்பது ஒளியாண்டு. அதன் வயதுக்கு அது அவ்வளவு பிரகாசமாக இருக்கக் கூடாது, ஏன் இருக்கிறது என்று யாருக்கும் தெரியவில்லை. பட்டியலில் அதன் பெயருக்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி மட்டும் உண்டு. மூலக் கோட்டில் ஓர் இடத்தில் படி, ஓரத்தில் இஸ்திரிக் குறிப்பு, கீழே என் எழுத்து. நான் போட்டதுதான். அதைத் தாண்டிப் போக வேண்டியவள், வேலையில் மனம் நிற்காமல், இதற்கு முன்னால் எப்போது இஸ்திரி போட்டார்கள் என்று பின்னால் போய்ப் பார்த்தேன். இருநூற்று எழுபது நாள் முன்பு, வேறு ஒருவர். அதற்கு முன்பு? இன்னொருவர். இருநூற்று எழுபது நாள். மொத்தம் பன்னிரண்டு இடம். நான்கில் என் எழுத்து. ஆளுக்கு ஒன்றாகத் திருத்தியதால் யாரும் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்ததே இல்லை.

முதல் ஆறையும் இஸ்திரியைப் பிரித்துவிட்டு வரிசையாக வைத்தேன். திரையில் ஒரு படிக்கட்டு இறங்கிப் போனது. ஒரே உயரம், ஒரே அகலம். யாரோ கட்டிய படிக்கட்டை ஒன்பது வருடமாக நாங்கள் மழித்துக்கொண்டிருந்திருக்கிறோம்!

மூச்சிரைக்க மேலே ஓடிச் சென்னியப்பன் சாரைக் கையோடு கூட்டி வந்தேன். அவர் நின்றபடியே பார்த்தார். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து என்று இறங்கிய கோட்டின் மேல் விரலை ஓட்டிக்கொண்டு வந்தவர் ஆறாவதில் நிறுத்தினார்.

"இதென்ன?"

ஐந்தாம் படி இறங்கியதும் கோடு மூன்று நாள் தாறுமாறாக நடுங்கியிருந்தது. பிறகு ஒரு படி மேலே ஏறிவிட்டது.

"எறங்கினது ஏறுதா? ஏறினது நடுங்குதா? இது கருவி அம்மணி. சூடு ஏறி எறங்கறப்ப இப்படித்தான் ஆட்டங்காட்டும். இயற்கையும் இல்ல, நீ நெனைக்கற மாதிரி ஆளுகளும் இல்ல." அவர் சத்தம் குறைந்துகொண்டே வந்தது. "பொட்டு கொறையறப்ப இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரியும்னு சொல்லுவாங்க. போயி வேலையப் பாரு."

அதுதான் சுட்டது. வீட்டுக்கு வந்ததும் கணக்குப் போட்டேன். மூன்று பொட்டு போனதற்கே இவ்வளவு தெரிகிறது என்றால், இன்னும் போனால் எவ்வளவு தெரியும்? இந்தக் கிழவர் வாயை எப்போது அடைப்பது? மறுநாள் காலை ஒரு பொட்டு உரிக்க வேண்டிய நாள். இரண்டை உரித்தேன். டாக்டரிடம் ஒன்று என்று நோட்டில் காட்டினேன். முட்டாள்தனம் என்று தெரிந்தேதான் செய்தேன். கவனம் சிதறுபவர்களுக்கு அவசரம் கூடப்பிறந்தது என்று ஒரு சாக்கு சொல்லலாம், ஆனால் பொய் எழுதியது நான்தானே.

மறுநாள் பிற்பகல் இரண்டு மணிக்குக் கிடங்கில் பின்மண்டையை யாரோ உள்ளேயிருந்து சுத்தியலால் அடிக்கத் தொடங்கினார்கள். கை நடுங்கியது. இதயம் காதுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டு அடித்தது. நெற்றி வேர்வை மேஜையில் சொட்டியது. சுவரைப் பிடித்துக்கொண்டு மருத்துவ அறை வரை எப்படிப் போனேன் என்று தெரியவில்லை.

"நூத்தித் தொண்ணூத்தெட்டுக்கு நூத்திப் பதினெட்டு," என்றார் டாக்டர். என் தோளைத் திருப்பினார், பொட்டுகளை எண்ணினார். ஒரு வார்த்தை திட்டவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. மாத்திரை கொடுத்து, புதுப் பட்டை ஒட்டி, கோகுலனுக்குப் போன் போட்டுவிட்டு, கட்டில் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். ஒரு மணி நேரம் எங்கும் போகவில்லை. ஐந்து நிமிடத்துக்கு ஒரு தரம் கைப்பட்டை உப்பியது, இறங்கியது.

நூற்று ஐம்பதுக்கு வந்த பிறகுதான் வாயைத் திறந்தார். "இருந்த படிக்கே திருப்பி ஏத்திருக்கேன், அஞ்சு பொட்டு. இனி பத்து நாள் இல்ல, இருவது நாள் இங்கயே நிக்கணும். ரெண்டு மடங்கு. அதுக்கப்புறமும் முழுப் பொட்டு கிடையாது, அரை அரையாத்தான் இறக்குவேன். என்ன சொல்லுத?"

படுத்தபடி கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு படி மேலே ஏறி, அங்கேயே இரண்டு மடங்கு நின்று, பிறகு அரை அரையாக.

"ஏட்டி, அழுதியா? வலிக்கா?"

"இல்லீங்க டாக்டர்," என்றேன். "நான் கிடங்குக்குப் போவோணும்."

போக விடவில்லை. ஒரு வாரம் வீட்டில் கட்டிப்போட்டார்கள். எட்டாம் நாள் காலையில் கிடங்கில் உட்கார்ந்து, ஆறாவது இடத்துக்குப் பிறகு மிச்சம் இருந்த ஆறு இஸ்திரியையும் பிரித்தேன். சார் வேண்டாம் என்று சொன்னதும் நான் அதைத் தாண்டிப் பார்க்கவே இல்லை. மேலே ஏறிய கோடு அங்கேயே அசையாமல் நின்றிருந்தது. எண்ணினேன். ஐந்நூற்று நாற்பது நாள். இரண்டு மடங்கு. அதன் பிறகு மறுபடி இறக்கம், இருநூற்று எழுபது நாளுக்கு ஒன்று, ஆறு படி. ஒவ்வொன்றும் பழைய படியில் சரியாகப் பாதி உயரம்.

நான் அன்றைக்கு வேறு வேலை எதுவும் செய்யவில்லை. திரையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன்.

இருபது நாள் முடிந்து டாக்டரிடம் போனபோது பிரஷர் நோட்டுக்குள் அந்தக் கோட்டையும் அச்செடுத்து மடித்து வைத்திருந்தேன். காட்டலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே அவர் நோட்டைப் பிரித்துத் தாளை எடுத்துவிட்டார். மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டார்.

"இது உன்னோடது இல்லையே. யாருது?"

"என்னன்னு தெரியுதுங்களா டாக்டர்?"

"என்ன கேள்வி இது? டோஸ் குறைக்கிற சார்ட்லா." விரலால் தடவிக்கொண்டே போனார். "ஒரே அளவா இறக்கியிருக்காங்க. ஒவ்வொரு படியிலயும் நிறுத்தி, ஆள் தாங்குதான்னு பாத்திருக்காங்க. அஞ்சாவதுல நோயாளிக்கு ஒத்துக்கல, நடுக்கம் வந்துட்டு. உடனே ஒரு படி ஏத்தி, ரெண்டு மடங்கு நாள் விட்டிருக்காங்க. பெறவு அரை அரையா." தாளை என்னிடம் நீட்டினார். "யாரு பாத்தாவளோ, நல்ல கை. அவசரமே இல்ல. கண்ணை எடுக்காம கூடவே இருந்திருக்காவ. ஆளு நல்லா இருக்காரா?"

"தெரியலீங்க டாக்டர்," என்றேன். "நோயாளி ஒரு விண்மீனுங்க. இந்த சார்ட்டுக்கு ஆயிரத்து நூத்தி நாப்பது வயசுங்க."

டாக்டர் என்னைப் பார்த்தார். தாளைப் பார்த்தார். எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து மறுபடியும் முதலிலிருந்து பார்த்தார்.

சென்னியப்பன் சாரிடம் நான் போகவில்லை, டாக்டர்தான் போனார். அரை மணி நேரம் கழித்து சார் கிடங்குக்கு இறங்கி வந்தார். என்னை எழுப்பிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். மூல எண்களை எடுத்துக்கொண்டு போனார். நான்கு நாள் தன் அறையை விட்டு வெளியே வரவில்லை. ஐந்தாம் நாள் வந்து என் மேஜையில் ஒரு தாளை வைத்தார்.

"வேற நாட்டுத் தொலைநோக்கி ஒண்ணு இதே விண்மீனப் பாத்திருக்குது. மூலக் கோடு வேணும்னு கேட்டு வாங்கினேன். அவங்களும் பன்னெண்டு எடத்துல சமன் பண்ணியிருக்கறாங்க." நிறுத்தினார். "அதே தேதி அம்மணி. நிமிசம் பிசகல. ரெண்டு கருவியும் ஒரே நிமிசத்துல கெடாது."

"அப்ப என்னங்க சார் அது?"

"வயசான சூரியன். குளுந்து போகாம இருக்கறதுக்கு அங்க இருக்கறவங்க அதுக்கு என்னத்தையோ குடுத்துட்டு இருந்திருக்கறாங்க. எத்தன ஆயிரம் வருசமோ. அதனாலதான் வயசுக்கு மீறின வெளிச்சம். இப்ப அத நிறுத்தறாங்க. ஏன்னு தெரியல. அவங்களுக்கு வேற எடம் கெடச்சிருக்கலாம், இல்ல அந்த சூரியனுக்கே அது ஆகாமப் போயிருக்கலாம். சட்டுனு நிறுத்தினா வெடிச்சிரும் போல." அவர் பேனாவை மூடினார். "வெடிச்சா வெடிக்கட்டும்னு போயிருக்கலாமில்ல? போகல. கூடவே இருந்து எறக்கறாங்க."

இரண்டு பேரும் வெகு நேரம் அந்தப் படிக்கட்டைப் பார்த்துக்கொண்டிருந்தோம். தஞ்சாவூரில் பெரிய கோயிலுக்கு அஸ்திவாரம் கூடத் தோண்டாத காலத்தில் கிளம்பிய வெளிச்சம். அப்போதே அங்கே ஒருவருக்கு, ஒரு விண்மீன் நடுங்கினால் பொறுக்கவில்லை.

அந்த விண்மீனின் வயதுக்கு எவ்வளவு வெளிச்சம் இருக்க வேண்டும் என்று கணக்குப் போட்டால், அதை எட்ட இன்னும் அரைப் படிதான் பாக்கி. அறுபத்திரண்டு நாள் கழித்து, ஒரு வியாழக்கிழமை, காலை பதினொன்று இருபத்திரண்டுக்கு அது இறங்க வேண்டும். இறங்கினால் நான் கண்டது நிஜம். இறங்காவிட்டால் பொட்டு குறைந்து புத்தி பேதலித்த ஒருத்தியை நம்பி நிலையம் கேலிக்கு ஆளாகும், என் நாற்காலியைப் பற்றிப் பேச்சே இருக்காது.

அந்த இரண்டு மாதம் நான் ஒழுங்காக இருந்தேன். அரை அரையாகவே இறங்கினேன். காலையும் மாலையும் எழுதினேன். மறதிக்குக் கடிகாரத்தில் ஒன்பது அலாரம் வைத்துக்கொண்டேன், கோகுலன் பத்தாவது அலாரம். நாசரேத்தில் பிறந்த ஒருத்தியும் ஆயிரத்து நூற்று நாற்பது வருடம் முன்பு எங்கோ இருந்த பெயர் தெரியாதவர்களும் ஒரே முறையில் வைத்தியம் பார்க்கிறார்கள் என்றால், அதில் கை வைக்க நான் யார்?

வியாழக்கிழமை கன்ஸோல் அறையில் நிற்க இடமில்லை. மற்ற எட்டுப் பேர், கேண்டீன்காரர்கள், பேருந்தை நிறுத்திவிட்டு வந்த கோகுலன். டாக்டர் என் பக்கத்தில் நின்றார். என் தோளில் ஒன்றரைப் பொட்டு மிச்சம் இருந்தது.

பதினொன்று இருபத்திரண்டுக்குக் கோடு இறங்கியது. வெட்டி வைத்ததுபோல், அரைப் படி.

யாரும் கை தட்டவில்லை. தட்ட நினைத்த கைகளும் அப்படியே நின்றுவிட்டன, ஏனென்றால் கோடு நடுங்க ஆரம்பித்தது. முதலில் லேசாக, பிறகு நன்றாகவே. ஐந்தாம் படியில் நடுங்கியதே, அதே மாதிரி. யாரோ ஐயோ என்றார்கள். டாக்டரின் விரல்கள் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டன. என் நாடியை அவர் எண்ணவில்லை, கண் திரையில்தான் இருந்தது.

"ஒண்ணும் செய்யாதிய," என்றார் மெதுவாக. "இப்ப பதறக் கூடாது. பக்கத்துலயே இருங்க, பாத்துக்கிட்டே இருங்க."

அவர் யாரிடம் சொல்கிறார் என்று எங்கள் எல்லோருக்கும் தெரிந்தது. எல்லாம் ஆயிரத்து நூற்று நாற்பது வருடத்துக்கு முன்பே நடந்து முடிந்துவிட்டது, செய்வதற்கு யாருக்கும் ஒன்றும் இல்லை. ஆனாலும் ஒருவரும் சிரிக்கவில்லை. ஐம்பது நிமிடம், முப்பது பேர், நின்ற இடத்திலேயே நின்றோம்.

பன்னிரண்டேகாலுக்கு நடுக்கம் தணியத் தொடங்கியது. அரை மணியில் கோடு அடங்கியது. வழவழப்பாக இல்லை, சின்னச் சின்ன ஏற்ற இறக்கத்தோடு, தானாக மூச்சு விடும் ஒரு கிழ விண்மீனின் கோடு. இனி அதன் வெளிச்சத்தில் யாருடைய கையும் இல்லை. எனக்குக் கண்ணீர் வழிந்தது, துடைக்கத் தோன்றவில்லை. என்னை எங்கோ யாரோ பத்திரமாகக் கீழே இறக்கி வைத்ததுபோல் இருந்தது.

கூட்டம் மெல்லப் பேச ஆரம்பித்த பிறகு சென்னியப்பன் சார் டாக்டர் பக்கத்தில் வந்து நின்றார். சட்டையின் வலது கையைத் தோள் வரை சுருட்டினார். எட்டு நீலப் பொட்டு.

"நாடி நாப்பத்தி நாலுங்க டாக்டர்," என்றார். மிகவும் தணிந்த குரல், ஆனால் கோபம் இல்லை. "ரெண்டு வருசமா. படியேறினாக் கண்ணு இருட்டுது. வெளிய சொன்னா நாற்காலி போயிருமேன்னு பயந்துட்டு இருந்துட்டேன்."

டாக்டர் அவர் மணிக்கட்டைப் பிடித்துக் கடிகாரத்தைப் பார்த்தார். எண்ணி முடிக்கும் வரை சார் குழந்தை மாதிரிக் கையை நீட்டிக்கொண்டு நின்றார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"அம்மணி, திங்கக்கெழமை நீ மேல வந்துரு. பரீட்சையெல்லாம் வேண்டாம், இனி இந்த ரூமுக்குள்ள யாரும் யாரோட பொட்டையும் எண்ணக் கூடாது." சுருட்டிய சட்டையை இறக்கிவிட மறந்துபோய் அப்படியே நின்றார். "கிடங்குல அந்த நாற்காலிய மட்டும் எனக்கு விட்டுக் குடுத்துரு."